நெடுந்துறைக் கிணறு ஸ்பானிஷ் பேசிய வருஷம்

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுவிட்டுப் போன கடற்கரை ஊர்களிலேயே ஆகச் சிறியதான நெடுந்துறையில், அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் பின்னால் பூவரச மரத்தடியில் இருக்கும் பழைய கல் கிணறு, ஒரு மாசி மாதத்துத் திங்கட்கிழமை காலையில், உள்ளே தலையை நீட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்துத் தலைமையாசிரியை அம்மாள் "எட்டிப் பாக்காதே" என்று போட்ட சத்தத்தை வாங்கிக்கொண்டு, கொஞ்சம் யோசிப்பதுபோலத் தாமதித்து, அந்த அம்மாளின் அதே கரகரத்த குரலில், "நோ தெ அசோமெஸ்" என்று திருப்பிச் சொன்னது. அம்மாள் தனக்குத்தான் தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்து அறைக்குப் போய் மிளகு போட்ட பால் குடித்தார். பிள்ளைகள் அப்படி நினைக்கவில்லை. சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் பள்ளியில் பாதிப் பேர் தங்கள் பெயரையும் பக்கத்தில் நிற்கிறவனின் பட்டப்பெயரையும் உள்ளே கத்திப் பார்த்துவிட்டார்கள். பெயர்கள் பெயர்களாகவே திரும்பின. பட்டப்பெயர்கள் வேறு என்னவோவாகத் திரும்பின.

அது என்ன மொழி என்று ஊர் நாலைந்து நாள் குழம்பியது. பள்ளிவாசல் தெருக்காரர்கள் வந்து கேட்டுவிட்டு அரபி இல்லை என்றார்கள். கோயில் குருக்கள் கேட்டுவிட்டு இது எந்த மந்திரத்திலும் சேராது என்றார். மாதா கோயில் சாமியார் மட்டும் கைப்பிடிச் சுவரில் காதை வைத்து வெகுநேரம் நின்று, லத்தீனுக்குச் சொந்தக்காரப் பிள்ளை மாதிரி இருக்கிறது, ஆனால் லத்தீன் இல்லை என்றார். கடைசியில் பள்ளியில் பிரெஞ்சு நடத்தும் மதாம் ரெஜினாவைக் கூட்டி வந்தார்கள். ரெஜினாவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. கஞ்சி போட்ட புடவை, இடது கையில் கடிகாரம், யாரோடும் அதிகம் பேசமாட்டாள். அவள் குனிந்து தமிழில் ஒரு வாக்கியம் சொன்னாள், பிறகு அதையே பிரெஞ்சில் சொன்னாள், இரண்டுமே ஒரே மாதிரி திரும்பி வந்ததைக் கேட்டு நிமிர்ந்து, வேறு வீட்டுக்குப் போகவேண்டிய பெண் தன் வீட்டு வாசலில் வந்து நிற்பதைப் பார்த்தவள்போல, "இது ஸ்பானிஷ்" என்றாள்.

பெயர் தெரிந்ததும் ஊருக்குப் பயம் போய்விட்டது. நெடுந்துறைக்கு வெளிநாடு புதிதில்லை. வீட்டுக்கு ஒருவர் கப்பலில் இருப்பார், தெருவுக்கு ஒருவர் பாரிஸில் இருப்பார். ஆகவே ஸ்பானிஷ் பேசும் கிணறு என்பது, உப்புத்தண்ணீர் தராத கிணறு என்பதுபோல, ஒரு குணமாக மட்டும் ஆயிற்று. பள்ளி விட்டபின் ஒரு மணி நேரம் ஊராருக்கு என்று தலைமையாசிரியை அம்மாள் முறை வைத்தார். ஒரே நேரத்தில் இரண்டு பேர் கத்தினால் கிணறு சேறு மாதிரி எதையோ குழப்பி அனுப்பியது, அதனால் வரிசையில் நின்றார்கள். மீன்காரப் பெண்கள் வஞ்சிரத்தையும் கிழங்கானையும் கத்திப் பார்த்தார்கள். கட்டுமரக்காரர்கள் "கடல்" என்று கத்தினார்கள், "எல் மார்" என்று வந்தது, மார்தான் கடல் என்று கிணற்றுக்குத் தெரிந்திருக்கிறது என்று தங்கள் நெஞ்சைத் தட்டிக்கொண்டு போனார்கள். புதிதாகக் கல்யாணமானவர்கள் பிறர் காதில் விழாமல் எதையோ முணுமுணுத்து, திரும்பி வந்ததை இரண்டு பேரும் மட்டும் கேட்டுக்கொண்டார்கள். எல்லாருக்கும் பிடித்துப்போனது ஒன்றுதான். திரும்பி வந்தது தங்கள் சொந்தக் குரல். தாங்கள் படிக்காத ஒரு படிப்பைத் தங்கள் குரல் படித்துவிட்டு வந்திருக்கிறது.

கோபப்பட்டவர் ஒருவர் மட்டுமே. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று அங்கிருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். அந்த சொல்தாக்கள் சங்கத்துத் தலைவர் முசியே சவரிராயலு, வெள்ளைத் தொப்பியும் கைத்தடியுமாக வந்து கிணற்றைச் சுற்றிப் பார்த்து, "வெட்டினது பிரெஞ்சுக்காரன். கல் கொடுத்தது பிரெஞ்சுக்காரன். பேசறது மட்டும் ஸ்பானிஷா? நன்றி கெட்ட கிணறு" என்றார். ஒரு கான்கிரீட் மூடி போட்டு மூடிவிட வேண்டும் என்று சங்கத்தில் தீர்மானமும் நிறைவேற்றினார். மூடி போட ஆள் வரவில்லை.

இந்த வரிசையில் ஒருநாளும் நிற்காதவள் பதினொன்றாம் வகுப்பில் படித்த தமயந்தி. மீனவக் குப்பத்திலிருந்து நடந்து வருகிற பிள்ளை. அவள் அப்பா நாகூரான் சரக்குக் கப்பலில் சமையல்காரர். அம்மா வள்ளிக்கண்ணு கூடையில் மீன் விற்கிறவள். எங்கள் பள்ளியில் தமிழ் எடுக்கலாம் அல்லது பிரெஞ்சு எடுக்கலாம். அப்பா போகிற இடத்தில் உதவும் என்று தமயந்தி ஆறாம் வகுப்பில் பிரெஞ்சு எடுத்தாள், அன்றிலிருந்து அதில் தோற்றுக்கொண்டே வந்தாள். பிரெஞ்சில் பெண்பாலான மேசைக்கு ஆண்பாலும், ஆண்பாலான புத்தகத்துக்குப் பெண்பாலும் அவள் மாற்றி மாற்றிச் சொல்வதைக் கேட்ட மதாம் ரெஜினா ஒருமுறை எல்லார் முன்னாலும், "உனக்கு மொழி வராது. வராததைக் கட்டி இழுக்காதே" என்றிருந்தாள். அப்படிப்பட்டவள் இன்னொரு மொழிக்காக எதற்கு வெயிலில் நிற்பாள்?

சித்திரையில் முருகையன் வந்தான். நாகூரானோடு அதே கப்பலில் வேலை பார்த்தவன். அவன் நேராகத் தன் வீட்டுக்குப் போகாமல் பையோடு வள்ளிக்கண்ணு வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"அண்ணனுக்கு வயித்துவலி வந்து துடிச்சிட்டாங்க அண்ணி. துறைமுகத்து ஆஸ்பத்திரியில சேத்தோம். அறுத்துத் தெச்சாங்க. அண்ணன் பாஸ்போர்ட்டு கப்பல்லயே இருந்துருச்சு. கப்பல் நிக்காதுன்னுட்டாங்க. குணமானதும் கம்பெனியே அனுப்பி வைக்கும்னு சொன்னாங்க."

"எப்ப?"

"போன ஆவணியில."

"இப்ப சித்திரை" என்றாள் வள்ளிக்கண்ணு.

கம்பெனிக்குப் போன் செய்தால் அந்தக் கம்பெனியே இல்லை, கப்பலை விற்றுவிட்டுக் கலைந்துபோயிருந்தார்கள். உலகத்தின் அடுத்த பக்கத்தில், ஸ்பானிஷ் பேசுகிற ஒரு நாட்டில் இருந்தது அந்தத் துறைமுகம். ஆஸ்பத்திரியின் பெயர் சான் கயெத்தானோ என்று மட்டும் முருகையனுக்கு நினைவிருந்தது. வள்ளிக்கண்ணு கூடையை இறக்கி வைத்துவிட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாள். மனு டெல்லிக்குப் போய், டெல்லியிலிருந்து கடல் தாண்டிப் போய், ஆடியில் பதில் வந்தது. நாகூரான் என்ற பெயரில் தங்களிடம் எவரும் இல்லை என்று ஆஸ்பத்திரி உறுதி செய்கிறது.

"இல்லாத ஆளுக்கு எதுக்கு உறுதி?" என்று அவள் கடிதத்தைக் கொடுத்த ஆபீஸில் கேட்டாள். பதில் சொல்ல அந்த மேசையில் யாரும் இல்லை, சாப்பாட்டு நேரம்.

டெலிபோன் பூத் வைத்திருந்த ஹாஜா எங்கெங்கோ விசாரித்து ஆஸ்பத்திரி எண்ணை வாங்கிவிட்டார். பேச ஆள் வேண்டும். ஊரில் ஸ்பானிஷ் தெரிந்தது கிணறு மட்டும்தான், கிணற்றைத் தூக்கிக்கொண்டு பூத்துக்கு வர முடியாது. தமயந்தி மதாம் ரெஜினா வீட்டுக் கதவைத் தட்டினாள். ரெஜினா மறுக்காமல் வந்தாள். அங்கே விடிகிற நேரம் இங்கே விளக்கு வைக்கிற நேரம். எண்ணைப் போட்டு, மணி அடித்து, ஒரு பெண் எடுத்ததும், ரெஜினா தன் அழகான பிரெஞ்சில், ஒரு பிழையும் இல்லாமல், நாகூரானைப் பற்றிக் கேட்டாள். மறுமுனையில் அந்தப் பெண் பக்கத்தில் இருந்த யாரிடமோ ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். போன் துண்டானது.

ரெஜினா போனை வைத்தாள். தன் பிரெஞ்சைக் கேட்டு ஒருவர் சிரிப்பது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

தமயந்தி சொன்னாள், "மதாம், நாளையிலேர்ந்து நான் கிணத்துக்குப் போறேன்."

"எத்தனை மாசம் ஆகும் தெரியுமா?"

"தெரியாது."

"மழை வந்தா கிணறு நெறஞ்சிடும். நெறஞ்ச கிணத்துல எதிரொலி இருக்காது."

"அப்ப ஐப்பசிக்குள்ள."

ரெஜினா அவளைப் பார்த்தாள். உனக்கு மொழி வராது என்று சொன்ன அதே வாயால், "நானும் வர்றேன்" என்றாள்.

அப்படித்தான் எங்கள் மேல்நிலைப் பள்ளியில், எந்த அரசாணையும் இல்லாமல், ஸ்பானிஷ் வகுப்பு தொடங்கியது. ஆசிரியர் கிணறு, மாணவிகள் இரண்டு பேர், ஒருத்தி பிரெஞ்சு டீச்சர், ஒருத்தி பிரெஞ்சில் தோற்றவள். விடியற்காலையில் வாளி எடுக்கிறவர்கள் வருமுன் வந்து, தமயந்தி ஒரு வாக்கியம் உள்ளே போடுவாள், அவள் குரலே திரும்பி வரும், அதை அவள் திருப்பிச் சொல்வாள், தன் குரலோடு தானே போட்டி போட்டு, நாக்கு அந்தக் குரலின் வேகத்தைத் தொடும்வரை விடமாட்டாள். தொண்டை கட்டிக்கொண்டால் கிணறும் கட்டின தொண்டையோடு பேசியது. ரெஜினா சுவரில் சாய்ந்து நின்று கேட்டு, கரும்பலகைத் துண்டில் எழுதி, எந்த வினைக்கு எந்த வால் என்று பிரித்துக் காட்டுவாள். "பிரெஞ்சுல இதுக்கு அக்கா ஒருத்தி இருக்கா, பாரு" என்பாள். ஆச்சரியம் என்னவென்றால், ஐந்து வருஷம் தமயந்தியின் தலையில் ஏறாத ஆண்பாலும் பெண்பாலும் இந்த வழியாகச் சுற்றி வந்து ஏறின, ஸ்பானிஷ் வரவர அவளுக்குப் பிரெஞ்சும் வந்தது. ரெஜினாவுக்குத்தான் கஷ்டம். அவளுடைய பிரெஞ்சு, மாமியார் மாதிரி, புதிதாக வந்ததன் ஒவ்வொரு சொல்லையும் திருத்திக்கொண்டே இருந்தது.

ஆவணி பாதியில் தமயந்தி ஒரு பெரிய ஓட்டையைக் கண்டுபிடித்தாள். அவளால் கேட்க முடியும். பதில் வந்தால் புரியாது. கிணறு தமிழை ஸ்பானிஷாக்கும், ஸ்பானிஷைத் தமிழாக்காது.

அன்று சாயங்காலம் அவள் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தபோது வள்ளிக்கண்ணு வெறும் கூடையோடு வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, "அவுங்க என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்படிம்மா?"

"எல்லா ஊர்லயும் வாசல்ல ஒக்காந்திருக்கிறவன் ஒரே மாதிரிதாண்டி சொல்லுவான்." எழுந்து, சேலையை இழுத்துச் செருகி, கிணற்றுக்குள் குனிந்து, சித்திரையிலிருந்து ஆடிவரை அவள் ஏறின ஒவ்வொரு வாசலிலும் வாங்கியதை ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தாள். பெரியவர் சீட்டில் இல்லை. இது எங்க செக்ஷன் இல்லை. நாளைக்கு வா. யார் நீ? யார் சொல்லி வந்தே? அப்படி யாரும் இங்க இல்லை. எத்தனை தடவை சொல்றது? அவள் குரலே அவளை ஸ்பானிஷில் விரட்டியது. அவள் முகம் மாறவில்லை. தமயந்திதான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், பிறகு திரும்பி, கேட்டு, மனதில் வாங்கினாள்.

விஷயம் ஊருக்குத் தெரிந்ததும் வரிசை மறுபடி நீண்டது, இந்த முறை யாரும் மீன் பெயர் கத்த வரவில்லை. நெடுந்துறையில் திருப்பி அனுப்பப்படாதவர் என்று யார் இருக்கிறார்கள்? ரேஷன் கடையில், தாலுகா ஆபீஸில், பெரியாஸ்பத்திரியில், விசா வாங்கும் ஜன்னலில், பெண் கேட்கப் போன வீட்டில், தாங்கள் வாங்கின மறுப்பையெல்லாம் மக்கள் கொண்டுவந்தார்கள். குறுக்கே மறித்தவனின் தோரணையோடு, அவன் வெற்றிலை மென்ற மாதிரியே மென்று, அவன் முகத்தைப் பார்க்காமல் பேசின மாதிரியே பேசிக் காட்டினார்கள். தமயந்தி ஒன்றையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மொழி படிக்க ஆயிரம் வழி இருக்கலாம். எங்கள் பிள்ளை ஸ்பானிஷை மறுப்பின் வழியாகப் படித்தாள். "நாளை" என்பதற்கு "மஞ்ஞானா" என்று அவளுக்கு எத்தனை குரலில் பாடமாயிற்று என்று சொல்லி முடியாது.

புரட்டாசியில் ஒருநாள் முசியே சவரிராயலுவும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். வரிசை தானாக விலகி வழி விட்டது. அவர் கிணற்றுக்குள் பார்த்தார். வருஷா வருஷம் பென்ஷன் ஆபீஸிலிருந்து தனக்கு வருகிற கேள்வியை, பிரெஞ்சில் இல்லாமல், தமிழில் சொன்னார்: "நீங்க உசிரோட இருக்கீங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" கிணறு அதை அவருடைய நடுங்கும் குரலிலேயே திருப்பிக் கொடுத்தது. அவர் தமயந்தியைப் பார்த்து, "இதையும் வச்சுக்க. கேப்பாங்க" என்றார். கான்கிரீட் மூடியைப் பற்றி அதன்பிறகு பேச்சே இல்லை.

ஐப்பசி பிறந்த அன்றைக்கே வானம் கறுத்தது. தமயந்தி காலையில் கிணற்றுக்குப் போகவில்லை. சாயங்காலம் பூத்துக்குப் போனாள். அவளோடு வள்ளிக்கண்ணுவும் ரெஜினாவும். தெருவில் எத்தனை பேர் நின்றார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை. ஹாஜா எண்ணைப் போட்டார். அதே பெண் எடுத்தாள்.

"புவெனோஸ் தியாஸ், செஞ்ஞோரா" என்று காலை வணக்கம் சொல்லித் தொடங்கினாள் தமயந்தி. "போனை வைக்காதீங்க. நான் என் அப்பாவைத் தேடறேன்."

யார் நீ என்று அந்தப் பெண் கேட்டாள். கேள்வி தமயந்திக்கு, கிணற்று வரிசையில் நின்ற ஹாஜாவின் குரலில் பாடமாகியிருந்தது, புரிந்தது, பதில் சொன்னாள். பெயர் கேட்டாள், சொன்னாள். காகிதம் புரளும் சத்தம். அப்படி யாரும் இங்கே இல்லை. அது அம்மாவின் குரலில் பாடமாகியிருந்தது. வேற வார்டுல பாருங்க என்றாள் தமயந்தி. இது எங்க பகுதி இல்லை. அப்ப எந்தப் பகுதியோ அங்க குடுங்க. நாளைக்குக் கூப்பிடு.

"மஞ்ஞானா நோ" என்றாள் தமயந்தி. இன்று என்பதற்கு அந்த மொழியில் ஓய் என்று பெயர். "ஓய், செஞ்ஞோரா. ஓய்."

தெருவில் நின்றவர்களுக்கு அவள் அந்தப் பெண்ணை ஓய் என்று அதட்டுகிறாள் என்று தோன்றியது. நியாயம்தான் என்று நினைத்தார்கள். மறுமுனையில் ஒரு பெருமூச்சு. பிறகு என்னவோ பாட்டு. பிறகு வேறொரு குரல், வயதான, அவசரமில்லாத குரல். பின்கட்டு வார்டு நர்ஸ், பெயர் இனேஸ்.

இந்தக் குரலுக்கு யாரும் அவளைத் தயார் செய்யவில்லை. மறுக்காமல் பேசுகிற மனுஷியின் ஸ்பானிஷ் அவளுக்குப் பாதிதான் புரிந்தது. "மெதுவா சொல்லுங்க" என்று கேட்டாள். இனேஸ் மெதுவாகச் சொன்னாள். வெளிநாட்டுக்காரர்கள் இங்கே ஒருவர் இருவர் உண்டு, நாகூரான் என்று யாரும் இல்லை. அப்பா எப்படி இருப்பார்? கறுப்பா, ஒல்லியா இருப்பாங்க. வயித்துல தையல் இருக்கும். நல்லா சமைப்பாங்க.

இனேஸ் கேட்டாள், "உன் பேரு என்னம்மா?"

"தமயந்தி."

 லைன் போய்விட்டது என்று ஹாஜா கையை நீட்டினார். அப்போது இனேஸ், "இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.

"தமயந்தி."

"எங்ககிட்ட தமயந்தின்னு ஒருத்தர் இருக்கார்" என்றாள் இனேஸ். "ஆம்பளை. வயித்துல தையல். சமையல்கட்டுல உருளைக்கிழங்கு உரிப்பார். மயக்கம் தெளிஞ்சதும் பேரு கேட்டோம். அதான் சொன்னார். எத்தனை தடவை கேட்டாலும் அதான். அட்டையில அதான் எழுதியிருக்கு."

தமயந்தி போனை மார்போடு அணைத்துக்கொண்டு அம்மாவிடம் தமிழில் சொன்னாள். வள்ளிக்கண்ணு பூத்தின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, "எம் பேரச் சொல்லலையா?" என்றாள், உடனே அப்படிக் கேட்டதற்காக வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இனேஸ் போய் அவரைக் கூட்டி வந்தாள். போனில் மூச்சு கேட்டது. "அப்பா, நாந்தான்" என்றாள் தமயந்தி.  அந்த ஒரு வருஷத்தில் அவர் தமிழில் கேட்ட குரல்கள் எல்லாம் கனவில் வந்தவை, ஆகவே இதையும் அவர் நம்பவில்லை. அந்த நேரம் பூத்தின் தகரக் கூரைமேல் மழை விழுந்தது, எங்கள் ஊர் மழை, விழும்போதே இரைச்சலோடு விழுவது. அவர் அதைக் கேட்டார்.

"மழையா அங்க?" என்றார் நாகூரான்.

"ஆமாப்பா."

"காயப்போட்ட கருவாட்டையெல்லாம் எடுத்து உள்ள போட்டீங்களா?"

ஆளைக் கண்டுபிடித்துவிட்டால் அனுப்பிவிடுவார்கள் என்று நாங்கள் நினைத்தோம். அப்படி இல்லை. பின்கட்டு வார்டு என்பது மனநிலை சரியில்லாதவர்களுக்கானது. அவர் கண்விழித்தபோது அழுது, கத்தி, ஏதோ பேசினார். ஆங்கிலம் தெரிந்தவரை, சீனம் தெரிந்தவரையெல்லாம் கூட்டி வந்தார்கள். அது எதுவும் இல்லை. இது மொழியே இல்லை, உளறல் என்று டாக்டர் எழுதிவிட்டார். டாக்டர் எழுதியதை டாக்டர்தான் அடிக்க வேண்டும்.

கிணறு அதற்குள் நிரம்பிவிட்டது. தவளை கத்தினால் அந்தச் சத்தத்தோடு சரி, எதுவும் திரும்பி வரவில்லை. தமயந்தி கல்லில் உட்கார்ந்து தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, எழுந்து பூத்துக்குப் போனாள். கடன் வாங்கின குரல் இல்லாமல், ஒத்திகை இல்லாமல், ரெஜினா மட்டும் பக்கத்தில் நிற்க, அந்த டாக்டரோடு பேசினாள். அவர் கெட்டவர் இல்லை. களைத்தவர்.

"நீ மகள்தான்னு வச்சுக்கிட்டாலும், அவர் பேசறது ஒரு மொழின்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

சவரிராயலுவின் கேள்வி கொஞ்சம் உடை மாற்றிக்கொண்டு வந்திருந்தது. தமயந்தி ரெஜினாவைப் பார்த்தாள்.   பிறகு, பிழையோடுதான், ஆண்பாலையும் பெண்பாலையும் மாற்றிப் போட்டுத்தான், சொன்னாள்: "டாக்டர், அவர் என்ன செய்யணும்னு நீங்க என்கிட்ட சொல்லுங்க. அவருக்குக் கேக்க வேணாம். உங்க இஷ்டம், எதுவா இருந்தாலும் சரி. நான் எங்க உளறல்ல அவருக்குச் சொல்றேன். செய்யறாரான்னு பாருங்க."

 டாக்டர் தாழ்ந்த குரலில் சொன்னார். போன் கை மாறியது.

"அப்பா, டாக்டர் சட்டை இடது பையில ஒரு பேனா இருக்காம். அத எடுத்து, ஜன்னல்ல இருக்கிற பூந்தொட்டியில குத்தி நிறுத்துங்க. அப்புறம் உங்க செருப்ப இடம் வலம் மாத்திப் போட்டுக்கிட்டு வந்து நில்லுங்க."

"என்னாடி, வெளையாடுறியா?"

"செய்யுங்கப்பா. எதுவும் கேக்காதீங்க."

போன் மேசையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. காலடிச் சத்தம். அப்புறம் ஒரு நாற்காலி நகர்ந்தது. இனேஸ் எதையோ உரக்கச் சொல்லிச் சிரித்தாள், அழுதாள். கடைசியில் டாக்டர் போனை எடுத்து, "இந்த மொழிக்குப் பேரு என்ன?" என்று கேட்டார். தமயந்தி சொன்னாள். எழுத்துக் கூட்டச் சொன்னார். கூட்டினாள்.

காகிதங்கள் நகர்ந்தன. மெதுவாகத்தான் நகர்ந்தன, ஒவ்வொரு மேசையிலும் நின்றன. நின்ற இடத்திலெல்லாம் தமயந்தி போனில் போய் நின்றாள். மாசியில் நாகூரான் வந்து இறங்கினார். பஸ் நிறுத்தத்தில் ஊரே நின்றது. வள்ளிக்கண்ணு முதல்நாள் பேசவில்லை, இரண்டாம் நாள் சண்டை போட்டாள், மூன்றாம் நாள் மீன் குழம்பு வைத்தாள். வெகுநாள்வரை வீட்டில் யாராவது தமயந்தி என்று கூப்பிட்டால் அவரும் சேர்ந்து திரும்பினார். பேர் கேட்டபோது ஏன் அதைச் சொன்னார் என்று கேட்டால், "யாருக்குச் சொல்லி அனுப்பணும்னு கேக்குறாங்கன்னு நெனச்சேன்" என்றார்.

அடுத்த கோடையில் தண்ணீர் இறங்கியபோது கிணறு சாதாரணக் கிணறாக, சொன்னதையே சொன்னது. அதற்காக யாரும் வருத்தப்படவில்லை. ஸ்பானிஷ் வகுப்பு மட்டும் நிற்காமல், பள்ளி விட்ட பிறகு ரெஜினாவின் வகுப்பறையில் நடந்தது. தமயந்தியும் அவளும் மாறி மாறி நடத்தினார்கள்.

ஒருநாள் அந்த வகுப்பறை வாசலில் கோடியக்கரைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் வந்து நின்றாள். பெயர் செல்லம்மாள். கப்பலுக்குப் போன மகன் வைத்தியலிங்கம் எங்கோ ஒரு கரையில் இறங்கியவன் வரவில்லை, அங்கே போர்த்துகீஸ் பேசுவார்களாம், கேட்ட இடத்திலெல்லாம் அப்படி ஓர் ஆள் இல்லை என்கிறார்கள். இங்கே ஒரு கிணறு இருக்கிறது என்று சொன்னார்கள்.

"கிணறு இப்ப பேசறதில்லைங்க" என்றாள் தமயந்தி.

அந்த அம்மாள் முகம் விழுந்தது.

"போர்த்துகீஸ் உனக்குத் தெரியுமா?" என்று ரெஜினா தமயந்தியிடம் பிரெஞ்சில் கேட்டாள்.

"தெரியாது மதாம். படிச்சிக்கலாம்."

வகுப்புக்குப் பின்னால் பெஞ்சியில் நாகூரான் உட்கார்ந்திருந்தார். மகளை அழைத்துப்போக வந்தவர், அதிகம் பேசாதவர். அவர் எழுந்து வந்து, அந்த அம்மாளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உங்க மகன் பேரச் சொல்லித் தேடாதீங்க" என்றார். "எங்கேயோ ஒரு கட்டில்ல கண்ணு முழிச்சு, யாரோ எதையோ கேட்டா, அவன் யாரு பேரச் சொல்லுவான்? அதச் சொல்லுங்க."

செல்லம்மாள் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். தன் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். நிறுத்தினாள். பிள்ளைகள் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். தமயந்தி சாக்கட்டியை எடுத்துக்கொண்டு கரும்பலகைக்குப் போய் நின்று, அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள்.

"ஜெசிந்தா" என்றாள் அந்த அம்மாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "எங்க வாசல்ல கால வைக்கக் கூடாதுன்னு நாந்தான் அவன் ஆசப்பட்ட பொண்ணத் துரத்தினேன்."

தமயந்தி அந்தப் பெயரைப் பலகையில் பெரிதாக எழுதினாள்.